மூன்றாவது உதறல்

தம்பி தன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறான் என்று கேட்டதும் அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கணவர், ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அன்று ஒரு நாள்தான் வீட்டில் காலை நீட்டி உட்காருவார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தவர், "இங்க வா, உன் தம்பி உன்னைத்தான் எழுதியிருக்கான்" என்றார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

தம்பி வாரா வாரம் ஒரு பத்தி எழுதுகிறான். அன்றாட வாழ்க்கையில் அர்த்தம் கண்டுபிடிப்பது அவன் வேலை. பல் துலக்குவதில் என்ன அர்த்தம், பேருந்துக்குக் காத்திருப்பதில் என்ன அர்த்தம், பிய்ந்த செருப்பைத் தூக்கி எறிய மனம் வராததில் என்ன அர்த்தம் என்று ஒரு வாரம் விடாமல் கண்டுபிடித்துவிடுவான். அக்காவுக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் பத்திக்கு மேலே அவன் படம் தபால்தலை அளவில் இருக்கும். இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை பத்திரிகையில் இருக்கிறானே என்று அதை மட்டும் பார்த்துக்கொள்வாள்.

கணவர் சத்தமாக வாசித்தார்.

"என் அக்கா மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் துணி பிரிக்கிறாள். ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனேன். அந்த அறையில் யாரும் பேசவில்லை. பிரார்த்தனை நேரத்து மௌனம். அக்கா ஒரு படுக்கை விரிப்பை உயர்த்திப் பிடித்து, தலையை லேசாகச் சாய்த்து, கண்களை மூடி நின்றாள். அப்படியொரு தியானத்தை நான் எந்த ஞானியிடமும் கண்டதில்லை. அவள் கையுறை அணிவதில்லை. வெறும் விரல்கள் துணியோடு பேசுகின்றன. நாமெல்லாம் அர்த்தத்தைத் தேடி அலைகிறோம். அவள் எதையும் தேடுவதில்லை. கேள்விகளே இல்லாத ஓரிடத்தில் அவள் நிற்கிறாள்."

கணவர் நிறுத்தி, தலையை நிமிர்த்தினார். "நல்லாத்தானே எழுதியிருக்கான்?"

அக்கா நாற்காலி நுனியிலிருந்து எழுந்துகொண்டாள். பிறகு கேட்டாள்: "நான் எதையும் தேடறதில்லையாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நாள் முழுக்க நான் ஊசி தேடறேங்க."

"அது வேற தேடல். இவன் சொல்றது வந்து, உள்ள…" என்று கணவர் நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கை பாதியிலேயே திரும்பித் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சலவைக் கூடத்தைப் பற்றிச் சொன்னால்தான் அவள் கோபம் புரியும். மருத்துவமனைக்குப் பின்னால், கொதிகலன் அறைக்கு ஒட்டினாற்போல, நீளமான ஒரு கட்டடம். ஒரு முனையில் அழுக்குத் துணி உள்ளே போகும், மறுமுனையில் வெளுத்த துணி வெளியே வரும். நடுவில் இருக்கிற பெரிய இயந்திரங்களைத்தான் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து வியப்பார்கள். அழுக்கு முனையில் இருக்கிற பிரிக்கும் அறைக்கு யாரும் வரமாட்டார்கள். நாற்றம். வார்டுகளிலிருந்து வருகிற பைகளை அங்கேதான் அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்து, வகை பிரித்து இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஏன் உதற வேண்டும் என்றால், துணியோடு என்னவெல்லாமோ வரும். மூக்குக் கண்ணாடி வரும். கைப்பேசி வரும். பல் செட் வரும். ஒரு பெரியவருடைய பல் செட்டை அக்கா மூன்று முறை கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் முறை அவர், "நீயே வெச்சுக்கோம்மா, எப்படியும் உன்கிட்டதான் வரப்போகுது" என்றார். இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஊசி. அவசரத்தில் யாரோ ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசியை அதற்கான டப்பாவில் போடாமல் கட்டிலிலேயே விட்டுவிடுவார்கள். விரிப்போடு சுருண்டு பைக்குள் வந்துவிடும். யார் ரத்தம், என்ன நோய், எதுவும் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு வரும், சில நாள் ஐந்து வரும்.

அதற்காகத்தான் மூன்று உதறல். இது அக்கா கொண்டுவந்த முறை. முதல் உதறலில் பெரிய சாமான் விழும். இரண்டாவதில், ஓரத் தையலைப் பிடித்துத் தட்டினால், மடிப்பில் ஒளிந்திருப்பது நழுவும். மூன்றாவது உதறல் மெதுவானது. துணியை உயர்த்திப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டு அப்படியே நிற்க வேண்டும். கீழே எவர்சில்வர் மேசை. ஊசி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மேசையில் விழுந்தால் டிங் என்று ஒரு சத்தம் வரும், கொசு தும்மினாற்போல. அந்தச் சத்தத்துக்காகத்தான் கண்ணை மூடுவது. அதற்காகத்தான் தலையைச் சாய்ப்பது, வலது காது அவளுக்குக் கொஞ்சம் கூர்மை. அதற்காகத்தான் அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. வெளியே தேநீர் நேரத்தில் அங்கே வேலை செய்கிற நான்கு பெண்களும் பேசுகிற பேச்சுக்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

தியானமாம்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது பத்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்கள். மேசையில் அவளோடு நிற்கிறவர்கள் மூன்று பேர். உயரமாக இருப்பதால் நெட்டை. ஆறு வருஷமாக வேலை பார்த்தும் இன்னும் புதுசு என்றே பெயர் மாறாத ஒருத்தி. ஏழு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்காரி.

"ஞானி வந்தாச்சு, எல்லாரும் எழுந்திரிங்க" என்றாள் நெட்டை.

"அக்கா, உங்க விரலு என்கிட்ட ஏதாவது பேசுமா?" என்றாள் புதுசு.

பிள்ளைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, கையுறை போடறதில்லன்னு எழுதியிருக்காரே. குடுக்கலன்னு எழுதலியே" என்றாள்.

அக்காவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. ஊசி ஏறாத தடித்த கையுறை என்று ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. மூன்றும் கிணற்றில் போட்ட கல். முன்பு கொடுத்துக்கொண்டிருந்த மெல்லிய ரப்பர் உறையும் தீர்ந்து ஏழு மாதம். பிள்ளைக்காரிக்குக் குழந்தை பிறந்த மாதம் என்பதால் எல்லோருக்கும் அது நினைவிருந்தது. நான்காவது மனு இப்போது மேலாளர் மேசையில் இருந்தது. அதில் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மேலாளருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேசமாட்டார். அக்காவைவிட நான்கு வயது மூத்தவர், இருந்தும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார். கேட்டது கிடைக்காத நாட்களில் அந்த மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும்.

அன்று மதியம் அவரே கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் அதே பத்தி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு.

"உக்காருங்க அக்கா. மேலிடத்துல எல்லாரும் படிச்சாங்க. ரொம்பப் பெருமைப்பட்டாங்க. நம்ம கூடத்துக்கே ஒரு கௌரவம்."

"சரிங்க சார். கையுறை மனு…"

"அதையும் பேசினேன்" என்றார் மேலாளர். அடிக்கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். "உங்க தம்பியே எழுதியிருக்காரே. வெறும் விரல் துணியோடு பேசுதுன்னு. தடிச்ச கையுறை போட்டா அந்த உணர்வு போயிடாதான்னு மேலிடத்துல ஒரு கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்விதானே?"

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறார். நான்கு பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அப்படியே கிடந்தது. ஒரு நாள், அரை மணி நேரம், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டுப் போனவன் எழுதியது சாட்சி ஆகிவிட்டது.

"சார், அவன் எழுதறவன். நாங்க கைய விடறவங்க."

"பார்க்கலாம் அக்கா" என்றார் அவர். "அதுக்குள்ள உங்களுக்கு இன்னொரு நல்ல விஷயம் ஏற்பாடு பண்ணியிருக்கு."

அந்த நல்ல விஷயம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஏணி போட்டுப் பிரிக்கும் அறையின் மூலையில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டினார். ஸ்விட்ச் மேலாளர் அறையில். ஒன்பது மணிக்குப் பெட்டி பாட ஆரம்பித்தது. மனதை அமைதிப்படுத்துகிற இசையாம். முதலில் குழல் வந்தது. பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம். பிறகு ஒரு குருவி. பிறகு, எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல, எங்கிருந்தோ ஒரு சின்ன மணி.

டிங்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையைப் பின்னுக்கு இழுத்தார்கள். துணியை விட்டுவிட்டு மேசையைக் குனிந்து தேடினார்கள். ஒன்றும் இல்லை. தேடி முடித்து நிமிர்வதற்குள் மறுபடி டிங்.

"அது பாட்டுடி" என்றாள் நெட்டை.

அக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனாள். சத்தம் கேட்டுத்தான் வேலையே செய்கிறோம், இந்தப் பெட்டி ஆகாது என்று நின்றபடியே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேலிடத்துப் பரிசு, மாட்டின அன்றே கழட்டினால் மனசு புண்படும், இரண்டு வாரம் போகட்டும், பார்க்கலாம் என்றார். மேலிடத்துக்கு மனசு இருந்தது, அது புண்படும். பிரிக்கும் அறையில் இருப்பது வெறும் விரல்கள்தானே.

முதல் நாள் மணி அடிக்கும்போதெல்லாம் துள்ளினார்கள். இரண்டாம் நாள் பாதி தடவை துள்ளினார்கள். எத்தனை தடவைதான் ஒரு மனுஷி இல்லாத ஊசிக்காகக் குனிவாள்? மூன்றாம் நாள், வியாழக்கிழமை, காது பழகிவிட்டது. பதினோரு மணி வாக்கில் பிள்ளைக்காரி மூன்றாவது உதறலில் நின்றாள். டிங் என்று கேட்டது. மணி என்று நினைத்து, மேசையில் கையை ஊன்றி அடுத்த துணியை இழுத்தாள்.

அவள் கத்தவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சின்னதாக ஒரு பொட்டு ரத்தம். "அக்கா" என்றாள், அவ்வளவுதான்.

குழாயடியில் கையைப் பிடித்துக் கழுவிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு அக்கா மருத்துவமனைக்குள் போனாள். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து இன்னொரு சோதனை என்றார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "வீட்ல கைக்குழந்தை இருக்குன்னீங்கல்ல, அந்த சோதனை வர்ற வரைக்கும் தாய்ப்பால் குடுக்காதீங்க" என்றார்.

பிள்ளைக்காரி அப்போதும் அழவில்லை. திரும்பி வரும் வழியில், நடைபாதையில், எங்கோ ஒரு குழந்தை அழுதது. எவளுடைய குழந்தையோ. அந்தச் சத்தத்துக்கு அவள் சீருடையின் முன்பக்கம் தானாக நனைந்தது. அவள் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அக்கா தன் மேல்துண்டை எடுத்து அவளைப் போர்த்தினாள். இந்தக் கையுறைக்கு என்ன, தங்கத்திலா செய்கிறார்கள்? நான்கு வருஷம், நான்கு மனு.

பிரிக்கும் அறைக்குத் திரும்பியபோது குருவி கத்திக்கொண்டிருந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகவில்லை, தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் எழுதுகிற அறை மாடியில் இருந்தது. ஜன்னலோரம் மேசை, மேசையில் ஒரு சின்னச் செடி, செடிக்குப் பக்கத்தில் கூழாங்கல். கூழாங்கல்லைப் பற்றியும் எழுதியிருந்தான்.

"வாக்கா" என்றான் சந்தோஷமாக. "வாசகர் கடிதம் குவியுது. இதுவரைக்கும் எதுக்கும் இவ்வளவு வந்ததில்ல. ஒருத்தர் அழுதுட்டாராம்."

"எங்க அறையிலயும் ஒருத்தி அழாம நிக்கிறா" என்று தொடங்கி, நடந்ததை அக்கா முழுசாகச் சொன்னாள். பெட்டி, மணி, ஊசி, டாக்டர், நடைபாதை. சொல்லும்போது குரல் உயரவில்லை. அவள் குரல் உயராதபோதுதான் பயப்பட வேண்டும் என்பது சின்ன வயதில் தம்பிக்குத் தெரிந்திருந்தது, இப்போது மறந்துவிட்டது போலிருந்தது.

"நான் உன்னைப் பெருமைப்படுத்தித்தானேக்கா எழுதினேன்" என்றான்.

"நான் ஏன் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறேன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா அந்த மௌனம் கலைஞ்சிடும்னு தோணுச்சு. அது ஒரு பார்வைக்கா. எழுத்துல அப்படித்தான்…"

"கையில ஏன் உறை இல்லன்னு கேட்டியா?"

அவன் மேசையிலிருந்த கூழாங்கல்லை எடுத்து உருட்டினான்.

"சரி, இப்பக் கேட்டுக்கிட்டல்ல. அடுத்த வாரம் இதை எழுது."

"அடுத்த வாரத்துக்கு ஏற்கனவே குடுத்துட்டேனே. மழையில நனைஞ்சு நிக்கிற ஒரு சைக்கிளப் பத்தி."

"நனைஞ்சா துருப்பிடிக்கும். அதுல என்னடா அர்த்தம் வேண்டிக்கிடக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் அவள் கோபத்தை இன்னும் கிளறியது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கலங்கிய கண்ணோடு மெதுவாக மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

"அந்த நடைபாதை… அந்தப் பொண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னது. அதை இன்னொரு தடவை சொல்லேன்க்கா. யாரோ ஒரு குழந்தை அழ, தானா பால்…"

"அவ பாலு உனக்கு மையாடா?" என்றாள் அக்கா.

தம்பி நோட்டை மூடினான். அவள் எழுந்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "நாளைக்கு எங்க கூடத்துக்கு வரப்போறியாமே. உன் பத்திய சட்டம் போட்டு எனக்குக் குடுக்கப்போறாங்களாம், உன் கையால. வா. முழுக்கைச் சட்டை போட்டா மடிச்சுவிட்டுக்கிட்டு வா" என்றாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அர்த்தம் என்ற சொல் அவள் மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றியது. அவளுக்கு அந்த நினைப்பே வராது என்று இவன் எப்படி முடிவு பண்ணினான்? மாடிப் படியேறி யோசித்தால்தான் யோசனையா? இதே பேருந்தில் எத்தனை மாலை அவள் நினைத்திருக்கிறாள். இன்றைக்கு நான்கு ஊசி எடுத்தேன். அந்த நான்கும் யார் கையில் ஏறியிருக்கும்? இயந்திரத்தில் துணி போடுகிறவர் கையிலா, மடிக்கிறவள் கையிலா, நாளைக்கு அந்த விரிப்பில் படுக்கப்போகிற யாரோ ஒருவர் முதுகிலா? அவர்கள் யாருக்கும் அது தெரியாது. தெரியாமலே தூங்கி எழுவார்கள். நடக்காமல் போனதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அவள் நினைத்துப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் அந்த நாற்றத்தில் அவளை நிற்கவைத்தது அந்த நினைப்புதான். அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேள்விகளே இல்லாத இடமாம். அவள் மேலாளரிடம் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதினால் இவனுக்கு ஒரு வருஷத்துப் பத்தி வரும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிட்டாள். அழுக்குப் பைகளின் கட்டை அறுக்கிற பெரிய கத்தரிக்கோல் சுவரில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு, ஒரு தள்ளுவண்டியை மூலையில் நிறுத்தி, நெட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினாள்.

"அக்கா, வேலை போயிடப்போகுது" என்றாள் புதுசு.

"போனா ஞானம் தேடப் போறேன்" என்று சொல்லி, பெட்டிக்குப் போகிற கம்பியை நறுக்கென்று வெட்டினாள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். மேலாளர் முன்னால். அவர் கையில் வண்ணக் காகிதம் சுற்றிய சட்டம். பின்னால் மருத்துவமனையின் தலைமை நர்ஸ். அவருக்குப் பின்னால் தம்பி. நேற்றிரவு தூங்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

மேலாளர் மேலே பார்த்தார். "இசை ஏன் ஓடல?"

"அறுந்துபோச்சுங்க."

"எப்படி?"

"கத்தரிக்கோலால."

அவர் வெட்டுப்பட்டுத் தொங்கிய கம்பியைப் பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு நம்ம கூடத்துக்கு ஒரு பொன்னான…" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்றாள் அக்கா. "வேலை நடக்குது."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவள் அவசர சிகிச்சை வார்டின் பையை அவிழ்த்து முதல் விரிப்பை எடுத்தாள். உதறினாள். ஓரத்தைத் தட்டினாள். உயர்த்திப் பிடித்து நின்றாள். ஒன்றுமில்லை. இரண்டாவது விரிப்பு, மூன்றாவது விரிப்பு. நெட்டையும் புதுசும் பிள்ளைக்காரியும் தங்கள் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைக்காரியின் உள்ளங்கையில் சின்னதாகப் பிளாஸ்திரி. விருந்தாளிகள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அவசரப்படவில்லை. ஒரு விரிப்புக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை ஒவ்வொன்றுக்கும் கொடுத்தாள். ஏழு, எட்டு. தலைமை நர்ஸ் இருமலை அடக்கிக்கொண்டார். அந்த அறையில் இப்போது கொதிகலனின் தூரத்து இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லை.

பதினோராவது விரிப்பின் மூன்றாவது உதறலில் கேட்டது.

டிங்.

எல்லோருக்கும் கேட்டது. மேசையில், அக்காவின் கைக்கு ஒரு சாண் தூரத்தில், முனையில் கறுத்த ரத்தத்தோடு அந்த ஊசி கிடந்தது. தலைமை நர்ஸ் அதைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். எந்த வார்டுப் பை என்று அவருக்குத் தெரியும்.

"இதைத்தான் நாங்க கேட்டுக்கிட்டு நின்னோம்" என்றாள் அக்கா. "நேத்து இது மாதிரி ஒண்ணுதான் அவ கையில ஏறுச்சு. உங்க மணியோட சேர்ந்து விழுந்துச்சு." இடுக்கியால் ஊசியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டாள். பிறகு மேசையைவிட்டு ஓரடி நகர்ந்து தம்பிக்கு இடம் விட்டாள். "அடுத்தத நீ உதறு."

தம்பி முன்னால் வந்தான். வரமாட்டேன் என்று சொல்லவில்லை, அதை மட்டும் பிறகு அவள் அவன் கணக்கில் நல்லதாக வைத்துக்கொண்டாள். பைக்குள் சுருண்டு கிடந்த விரிப்பு ஈரமாக இருந்தது, நடுவில் பழுப்பாகக் காய்ந்த கறை. அவன் கையை நீட்டினான். விரல்கள் துணிக்கு நான்கு அங்குலம் மேலே வந்து நின்றுவிட்டன. துணியோடு அவை ஒன்றும் பேசவில்லை. அவன் தன் விரல்களைப் பார்த்தான். தகர டப்பாவைப் பார்த்தான். பிறகு மேசையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சுவரில் அடித்திருந்த ஆணி, கீழே இருந்த பெட்டி என்று எல்லா இடத்திலும் எதையோ தேடினான்.

"கையுறை எங்கக்கா?" என்றான்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது. காது மடல்வரை சிவந்துபோனான். ஆனால் நீட்டிய கையை இழுக்கவில்லை, கேட்டதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"எழுதினவரே கேக்கறாரு. சொல்லுங்க சார்."

வண்ணக் காகிதம் சுற்றிய சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலாளர் வாயைத் திறந்தார். என்ன வார்த்தை வரும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான்கு பெண்களும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூன்றாவது உதறலில் நிற்கிற மாதிரி, அசையாமல் காத்திருந்தார்கள். பிள்ளைக்காரி மட்டும் கண்ணை மூடாமல் அவரையே பார்த்தாள். அந்த வார்த்தை அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரவில்லை.